சட்டையும் சுங்கமும்: ஹாங்காங்கில் நான் கற்ற பாடம்

(மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் காரியதரிசி போன் செய்தார். "மாமா, சொந்தமாக பிசினஸ் பண்ணுகிற பசங்கள் இப்போது நிறையப் பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள். வர்த்தக ஒப்பந்தம், சுங்க வரி என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம், ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஏற்றுமதியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அரை மணி நேரம் பேசுங்கள்" என்றார். நான் பொருளாதாரம் படித்த பண்டிதன் இல்லை. வெறும் பி.காம். இன்வாய்சும் ஷிப்பிங் பில்லும் போட்டே தலை நரைத்தவன். அதனால் புஸ்தகத்திலிருந்து பேசாமல், கண்ணால் பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஒரு தேசம் ஒரு வர்த்தகக் கூட்டில் சேர்ந்தது. அதன் ஆட்சியில் இருந்த ஒரு குடியேற்றத்தின் துணி வியாபாரம் அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் கதை. தேசம் பிரிட்டன். குடியேற்றம் ஹாங்காங். அதற்குள் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1970-ல் மாதுங்காவிலிருந்து தினம் ரயில் ஏறி கல்பாதேவியில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளி சிந்திக்காரர். அவருடைய உறவினர்களுக்கு ஹாங்காங்கில் சிம் ஷா சுய் பகுதியில் ஆபீஸ் இருந்தது. கணக்கும் டாகுமெண்டும் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று 1972-ல் என்னை அங்கே அனுப்பினார்கள். அம்மா ஊறுகாய் ஜாடியைக் கட்டிக் கொடுத்து, "மோரும் சாதமும் கிடைக்குமோ என்னவோ" என்று அழுதாள். கிடைத்தது. ஒன்பது வருஷம் இருந்தேன்.

அந்நாள் ஹாங்காங்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 1947-லிருந்து 1949-க்குள், சீனாவில் உள்நாட்டுப் போர் முற்றியபோது, ஷாங்காய் நூற்பாலை முதலாளிகள் பணத்தையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்து இறங்கினார்கள். பின்னாலேயே லட்சக்கணக்கான ஜனங்கள் வந்தார்கள். பஞ்சும் இல்லை, நிலமும் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடப் போதாது. இருந்தது ஆள்பலமும் துறைமுகமும்தான். பத்தே வருஷத்தில் அந்த ஊர்த் துணியும் சட்டையும் பிரிட்டிஷ் கடைகளில் குவிந்தன.

ஏன் பிரிட்டனுக்கு? ஏனென்றால் 1932-ல் ஒட்டாவாவில் செய்த ஏற்பாட்டின்படி, சாம்ராஜ்யத்துக்குள் இருக்கும் நாடுகளின் சரக்குக்கு பிரிட்டனில் வரிச் சலுகை உண்டு. நம் இந்தியத் துணியும் அப்படித்தான் வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும் வாசலில் சுங்கம் கட்டவேண்டும். நாமும் ஹாங்காங்காரரும் கட்டவேண்டாம்.

லங்காஷயர் மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? உலகத்துக்கே துணி நெய்து அனுப்பிய பிரிட்டன், 1950-களின் கடைசியில் ஏற்றுமதி செய்வதைவிட அதிகப் பருத்தித் துணியை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால் 1959-ல் ஹாங்காங், இந்தியா, பாகிஸ்தான் மூன்றையும் "நீங்களாகவே ஒரு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தானாக முன்வந்த கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். கழுத்தைப் பிடித்தால் யார்தான் தானாக முன்வர மாட்டார்கள்?

ஆக, அளவுக்குக் கட்டு உண்டு, வரி இல்லை. 1971 வரை இதுதான் நிலைமை.

கூட்டு என்றால் என்ன?

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் மாதுங்கா கட்டடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தில் பத்துக் குடித்தனம். ஒருவர் ஆத்துக்குள் மற்றவர் தடையில்லாமல் போகலாம், வரலாம். ஆனால் வெளியாளை யார் ஆத்துக்குள் விடுவது என்பது அந்தந்த ஆத்துக்காரர் இஷ்டம். இது தடையற்ற வர்த்தகப் பகுதி. 1960-ல் பிரிட்டன் சேர்ந்த எஃப்டா இந்த வகை. அதனால் அதில் இருந்துகொண்டே காமன்வெல்த் சரக்குக்குச் சலுகை கொடுக்க முடிந்தது.

இன்னொரு வகை, சுற்றிலும் ஒரே காம்பௌண்டு சுவர், ஒரே கேட், ஒரே வாட்ச்மேன். "இவர் என் சித்தப்பா, விடு" என்று தனிக் குடித்தனக்காரர் சொல்ல முடியாது. சொசைட்டி விதிதான் விதி. இது சுங்க ஒன்றியம். 1957-ல் ரோமில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டு உண்டாக்கிய ஐரோப்பியப் பொதுச் சந்தை இந்த வகை. 1963-லும் 1967-லும் பிரான்சின் த கோல் மறுத்ததால் வெளியே நின்ற பிரிட்டன், 1973 ஜனவரி 1-ஆம் தேதி டென்மார்க், அயர்லாந்துடன் உள்ளே போனது.

உள்ளே போனவுடன் பழைய உறவுக்காரர்கள் எல்லாரும் சுவருக்கு வெளியே ஆனார்கள்.

இதன் பலனை ஒரு கணக்காகப் பாருங்கள். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஹாங்காங் சட்டை 100 ரூபாய், இத்தாலிச் சட்டை 110 ரூபாய், சுங்கம் 20 சதவீதம். முன்னாலே ஹாங்காங் சட்டைக்கு வரி இல்லை, 100. இத்தாலிச் சட்டை வரியோடு 132. சேர்ந்த பிறகு தலைகீழ். ஹாங்காங் 120, இத்தாலி 110. பிரிட்டிஷ் மாமி இத்தாலிச் சட்டையை வாங்குவாள். லாபம் என்று நினைப்பாள். உண்மையில் முன்பு நூறுக்குக் கிடைத்ததற்கு இப்போது பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறாள். மலிவாகத் தைக்கத் தெரிந்தவனுக்கு வேலை போகிறது, சற்று அதிக விலைக்காரனுக்கு வேலை போய்ச் சேருகிறது. ஜேக்கப் வைனர் என்ற பொருளாதார அறிஞர் 1950-லேயே இதற்கு வர்த்தகத் திசைமாற்றம் என்று பெயர் வைத்தார். கூட்டில் சேர்வதால் உள்ளே புதிய வியாபாரம் பிறப்பது உண்டு. பழைய வியாபாரம் வெறுமனே இடம் மாறுவதும் உண்டு. எது அதிகம் என்று பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்லமுடியும் என்பது அவருடைய கருத்து.

காகிதத்தில் பெயர் இல்லை

பிரிட்டன் கூட்டில் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பே முதல் அடி விழுந்தது. 1972 ஜனவரி 1 முதல் காமன்வெல்த் பருத்தித் துணிக்கும் பிரிட்டன் 15 சதவீத வரி போட்டது. வரி வந்தால் அளவுக் கட்டுப்பாடு போய்விடும் என்றுதான் 1969-ல் சொல்லியிருந்தார்கள். வரி வந்தது, கட்டுப்பாடும் போகவில்லை. பிறகு 1974 முதல் படிப்படியாக ஐரோப்பாவின் பொது வரி விகிதத்துக்கு மாறி, 1977 ஜூலையில் அது முழுமையாயிற்று.

பிரிட்டன் சேரும்போது செய்த ஒப்பந்தத்தில் பழைய உறவுகளுக்கு ஏதாவது வழி செய்தார்களா என்றால், செய்தார்கள். பல சிறிய பிரிட்டிஷ் தீவுகளுக்குக் கடல்கடந்த பகுதிகள் என்ற பட்டியலில் இடம் கொடுத்து, சலுகையோடு இணைத்துக்கொண்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஐந்துக்கும் "வர்த்தக உறவை வளர்ப்போம்" என்று ஒரு கூட்டறிக்கையை இணைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நம் சர்க்கார் பேசி, 1973 டிசம்பரில் ஐரோப்பியப் பொதுச் சந்தையோடு ஒரு வர்த்தக ஒப்பந்தமும் செய்துகொண்டது. பெரிய வரம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் பெயர் ஒரு காகிதத்தில் இருந்தது.

ஹாங்காங்கின் பெயர் அந்தக் கடல்கடந்த பகுதிகள் பட்டியலில் இல்லை. யூனியன் ஜாக் கொடி பறக்கிற ஊர், லண்டனிலிருந்து வந்த கவர்னர் ஆளுகிற ஊர், ஆனால் பட்டியலில் இல்லை. காரணம் ரொம்பச் சுலபம். சின்னத் தீவுகள் தேங்காயும் வாழைப்பழமும் அனுப்பும், ஹாங்காங் சட்டை அனுப்பும். வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா 1971-ல் தொடங்கிய பொதுச் சலுகைத் திட்டத்தில் ஹாங்காங்கைச் சேர்த்தார்கள், ஆனால் துணியும் காலணியும் நீங்கலாக! கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பாடு நீங்கலாக என்று பத்திரிகையில் அச்சடித்த மாதிரி.

சரி, வரி போட்டதால் ஹாங்காங் சட்டை விற்காமல் போயிற்றா? அதுதான் இல்லை. என் கணக்கில் வைத்த விலை வித்தியாசத்தைவிட உண்மையான வித்தியாசம் பெரியது. வரி கட்டியும் விற்றது. சுவர் போதவில்லை என்றதும் கேட்டில் டோக்கன் முறை வந்தது. அதுதான் கோட்டா. 1974-ல் பல்லிழை ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பருத்திக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு கம்பளிக்கும் பாலியெஸ்டருக்கும் பரவியது. வருஷத்துக்கு 6 சதவீத வளர்ச்சி தரவேண்டும் என்பது அதன் பொது விதி. 1977-ல் ஐரோப்பா "நியாயமான விலகல்" என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொண்டு, சட்டை, பேண்ட், ஸ்வெட்டர் முதலான முக்கிய இனங்களில் ஹாங்காங்கின் அளவை முன்பு அனுப்பியதைவிடவும் குறைத்தது.

அந்த 1977 பேச்சுவார்த்தை நடந்த விதம் வேடிக்கை. சுங்க ஒன்றியத்தில் தனி நாடு தனியாகப் பேசக்கூடாது, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் கமிஷன்தான் ஒன்பது நாடுகளுக்கும் சேர்த்துப் பேசும். அதனால் மேஜைக்கு ஒரு பக்கம் ஹாங்காங் அதிகாரிகள். மறுபக்கம் பிரிட்டனுக்கும் சேர்த்துப் பேசும் கமிஷன். தாய் தேசமும் குடியேற்றமும் எதிரெதிர் கட்சி. லண்டனில் நமக்காகப் பரிந்து பேச ஆள் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அன்றுதான் நிலைமை புரிந்தது.

கோட்டாவை ஒன்பது நாடுகளுக்கும் பங்கு பிரித்தார்கள். பிரிட்டன் ஏற்கெனவே தன் பங்குக்கு மேல் வாங்குகிறது, இனி வளர்ச்சி மற்ற நாடுகளுக்குப் போகட்டும் என்பது அதன் நியாயம். ஜெர்மனிக்கு ஒதுக்கிய டஜன் மிச்சம் இருந்தாலும் அதை பிரிட்டனுக்கு அனுப்ப முடியாது. எங்களுக்கோ வாடிக்கைக்காரர்கள் எல்லாம் பிரிட்டனில்தான்.

நான் செய்த தப்பு

இனி என் கதை. குவுன் டோங் பகுதியில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒருவர் நாற்பது தையல் மெஷின் போட்டு சட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். தம்பதி இருவரும் மெஷின் பக்கத்திலேயே சாப்பிட்டு, பல நாள் அங்கேயே தூங்கினார்கள். நான் சைவம் என்று தெரிந்து, நான் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துத் தட்டில் வைப்பாள். அவர் தைத்தது பாலியெஸ்டர் கலந்த சட்டை. ஒரு பெரிய தொழிற்சாலையிடம் துணை வேலையாக எடுத்துத் தைத்தார், எங்கள் கம்பெனி அதை பிரிட்டனுக்கு அனுப்பியது.

1973-ல் ஒரு நாள் அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, பிரிட்டன் ஐரோப்பாவோடு சேர்ந்துவிட்டதே, கடன் வாங்கி இன்னும் இருபது மெஷின் போடலாமா? இரண்டு, சர்க்காரில் தன் தொழிற்சாலையைப் பதிவு செய்துகொண்டு, ஏற்றுமதி லைசென்சில் தன் பெயரைத் தயாரிப்பாளர் என்று போடச் சொல்லலாமா?

இங்கிலீஷ் தெரிந்தவன், பட்டதாரி என்று என் பேரில் அவருக்கு மரியாதை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. ரொம்பத் தெரிந்தவன்போலச் சொன்னேன். "இது ராணியின் ஊர். பிரிட்டன் உங்களைக் கைவிடாது. தைரியமாக மெஷின் போடுங்கள். பதிவு எதற்கு? இன்ஸ்பெக்டர் வருவான், ரிஜிஸ்டர் வைக்கச் சொல்வான், ஷிப்மெண்ட் தாமதமாகும். பெரிய தொழிற்சாலையின் பெயர் இருந்தால் போதும்." பேப்பர் வேலை எனக்குக் குறையும் என்பதும் என் மனசில் இருந்தது. அதை மறைப்பானேன்?

1970-களின் நடுவில் பாலியெஸ்டர் சட்டைக்கும் கோட்டா வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்வார்கள்? முந்தைய வருஷங்களில் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற ரிக்கார்டை வைத்துத்தான். எங்கள் கம்பெனிக்கு நல்ல அளவு கிடைத்தது. பெரிய தொழிற்சாலைக்கும் கிடைத்தது. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார். தைத்தவருக்கு ஒரு டஜன்கூட இல்லை.

ஹாங்காங்கில் கோட்டாவை விற்கலாம், வாங்கலாம். அதற்குத் தரகர்கள்கூட இருந்தார்கள். சும்மா வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மெஷின்கூட ஓட்டாமல் சம்பாதித்தவர்கள் உண்டு. அவர் ஒவ்வொரு டஜனுக்கும் கோட்டாவை விலை கொடுத்து வாங்கித் தைக்க வேண்டியதாயிற்று. லாபம் அதிலேயே கரைந்தது. 1977 ஒப்பந்தத்துக்குப் பிறகு கோட்டா விலை இன்னும் ஏறியது. மெஷின் கடன் அப்படியே நின்றது.

1978-ல் ஒரு சாயங்காலம் ஆபீசுக்கு வந்தார். கையில் சீன எழுத்தில் எழுதிய ஒரு கணக்கு நோட்டு. எந்த மாதம் எத்தனை டஜன் என்று ஐந்து வருஷக் கணக்கு. "இதெல்லாம் நான் தைத்தது. சர்க்காரிடம் காட்டமுடியுமா?" என்று கேட்டார். நான் என் ஃபைல்களை எடுத்துச் சரிபார்த்தேன். அவர் நோட்டில் ஒரு தப்பும் இல்லை. என் ஃபைலிலும் ஒரு தப்பும் இல்லை. அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கே புரிந்தது. நோட்டை மூடிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டு மாதத்தில் மெஷின்களை விற்றுவிட்டு வேறொரு தொழிற்சாலையில் சூபர்வைசராகச் சேர்ந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு நடந்தவை

ஹாங்காங் அழிந்ததா என்றால், இல்லை. டஜனுக்குத்தான் அளவு, விலைக்கு இல்லை என்பதால் உயர்ந்த ரகத்துக்கு மாறினார்கள். பணம் உள்ளவர்கள் கோட்டா மிச்சமிருக்கும் இடம் தேடி மக்காவுக்கும், மொரீஷியசுக்கும், 1977-க்குப் பிறகு இலங்கைக்கும் போனார்கள். மொரீஷியஸ் சரக்குக்கு ஐரோப்பாவில் வரி இல்லை. அதனால் நம் தமிழ் வம்சாவளியினர் வாழும் அந்தத் தீவில் ஹாங்காங் முதலாளிகள் ஸ்வெட்டர் தொழிற்சாலை வைத்தார்கள். நாலாவது மாடிக்காரரால் அப்படிப் போகமுடியுமா? பெரியவர்கள் சுவரைத் தாண்டினார்கள், சின்னவர்கள் சுவரடியில் நின்றார்கள்.

லங்காஷயராவது பிழைத்ததா? அதுவும் இல்லை. கிழக்கு வாசலை அடைத்தார்கள், உள் வாசல் வழியாக இத்தாலி, ஜெர்மன் துணிகள் வரியில்லாமல் வந்தன. மில்கள் மூடுவது நிற்கவில்லை.

1981-ல் நான் மும்பை திரும்பினேன். அப்போது திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி மும்பை ஏற்றுமதிக்காரர்கள் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் கோட்டா. ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கவுன்சில் பங்கிட்டது, அதிலும் பெரும்பங்கு பழைய ரிக்கார்டை வைத்துத்தான். திருப்பூரிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஒவ்வொரு சின்னத் தயாரிப்பாளரிடமும், "முதலில் உங்கள் பெயரில் ஏற்றுமதி நம்பர் எடுங்கள். ஒரு பெட்டியாவது உங்கள் பெயரில் போகட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். என் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "நம் கிளையை நீயே வெட்டுகிறாயே" என்றார். சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் பிற்பாடு தாங்களே நேரடியாக ஏற்றுமதி செய்து, என் பெண் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். ஒரு தப்புக்கு இது பிராயச்சித்தம் ஆகுமா, தெரியாது.

கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்தது. ஹாங்காங் 1997-ல் சீனாவிடம் போயிற்று. பிரிட்டனே 2020 ஜனவரி 31-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்து, மறுவருஷம் முதல் தன் கேட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படித் தனியானதால்தான் 2025 ஜூலை 24-ல் நம்மோடு தனி ஒப்பந்தம் கையெழுத்திட முடிந்தது. ஐம்பது வருஷம் கழித்து, நம் துணிக்குப் பழையபடி வரியில்லாத வாசலுக்குக் காகிதம் எழுதியிருக்கிறார்கள்.

பசங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எந்த நாடு எந்தக் கூட்டில் சேர்ந்தாலும், உள்ளே யார் என்று பார்ப்பதோடு நிற்காமல், வெளியே யார் நிற்கப்போகிறார்கள் என்றும் பாருங்கள். பழைய உறவு, ராஜ விசுவாசம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. உங்கள் சரக்கு எந்தக் காகிதத்தில் யார் பெயரில் போகிறது என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். இங்கிலீஷ் தெரிந்த இருபத்துநாலு வயதுப் பையன் "அதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களிடம் வேலை செய்துகொடுக்கும் சின்ன மனுஷர் ஒருவர் இருந்தால், அவர் கேட்பதற்கு முன்னால் அவர் பெயரையும் காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.